மாற்று இன்ஜின்: சி.சி.க்கு முன்னால் கிராங்க் கேஸ்

ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் இன்ஜினை இறக்குவது சுலபம். கியர்பாக்ஸோடு அதைப் பிணைத்திருப்பவை நான்கே போல்ட்டுகள். எடை ஏறக்குறைய 110 கிலோ. தரை ஜாக்கி ஒன்றும் கை கொடுக்க இன்னொருவரும் இருந்தால் ஒரு பிற்பகலில் வேலை முடிந்துவிடும். இந்தச் சுலபம்தான் பல உரிமையாளர்களைச் செலவில் தள்ளியிருக்கிறது. இன்ஜின் கொஞ்சம் முனகினாலே ‘வேறொன்று போட்டுவிடலாம்’ என்று தோன்றுகிறது. விளம்பரங்களைப் புரட்டினால் 1641, 1776, 1915, 2110 என்று எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன. பெரிய எண்ணுக்கும் நடுத்தரமான எண்ணுக்கும் விலை வித்தியாசம் அதிகமில்லை என்று விற்பவர் சொல்கிறார். பெரியதையே வாங்கிவிடுகிறார்கள்.

உண்மையில் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி சி.சி. எவ்வளவு என்பது. முதல் கேள்வி, பழைய இன்ஜின் நிஜமாகவே செத்துவிட்டதா என்பது.

குளிர்ந்த இன்ஜினில் வால்வு இடைவெளி 0.15 மி.மீ. இருக்க வேண்டும். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இதைச் சரிபார்க்கச் சொல்கிறது பராமரிப்பு அட்டவணை. சரிபார்க்காமல் விட்ட வண்டியில் எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாமல் கருகத் தொடங்கும்; இழுவை குறையும்; ஐடிலில் நடுங்கும். இடைவெளியைச் சரிசெய்த பிறகு நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் பார்க்க வேண்டும். மூன்று சமமாக இருந்து ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால், அந்த சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்க்கலாம். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. வால்வுக் கோளாறு ஹெட்டோடு நிற்கும் வேலை. அதற்காக முழு இன்ஜினை மாற்றுபவர் தேவைக்கு மேல் பல மடங்கு செலவழிக்கிறார்.

அடுத்த சோதனைக்குக் கருவிகூட வேண்டாம். இன்ஜினின் பின்பக்கம் தெரியும் கிராங்க் புல்லியை இரு கையாலும் பிடித்து, முன்னும் பின்னும் இழுத்துத் தள்ள வேண்டும். கிராங்க் ஷாஃப்ட்டின் நீளவாக்கு ஆட்டம் 0.07 முதல் 0.13 மி.மீ.க்குள் இருப்பது முறை, 0.15 மி.மீ. எல்லை. கைக்குத் தெரியும்படி ‘டக்’ என்று அடித்தால் எல்லை எப்போதோ தாண்டிவிட்டது என்று பொருள். டயல் கேஜ் வைத்து அளப்பது நல்லதுதான். ஆனால் பழைய இன்ஜின் வாங்கப் போகும் இடத்தில், விற்பவர் டீ கொண்டுவரும் நேரத்திலேயே இந்த ஒரு சோதனையைச் செய்துவிடலாம்.

அந்த ஆட்டத்துக்குக் காரணம் பேரிங் மட்டும் என்றால் கவலை குறைவு. பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. பீட்டிலின் கிராங்க் கேஸ் மெக்னீசியக் கலவையால் வார்க்கப்பட்டது. எடை குறைவு, சூட்டை விரைவாகக் கடத்தும். ஆனால் மெத்தென்ற உலோகம். இரண்டு பாதிகளாக நடுவில் பிளந்து சேரும் இந்தக் கேஸ்தான் எஃகுக் கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கிப் பிடிக்கிறது. தொழிற்சாலை கிராங்கில் எதிரெடை கிடையாது. வேகம் ஏற ஏற அது நடுவில் வளைந்து, நடு பேரிங் அமரும் இடத்தை அடித்து அடித்து அகலமாக்கும். ஃபிளைவீல் பக்கமுள்ள முதல் பேரிங்தான் கிளட்ச் மிதிக்கும்போதெல்லாம் தள்ளுவிசையை வாங்குகிறது. அதன் இருக்கையும் தேயும். இப்படித் தேய்ந்த கேஸில் புது பேரிங் போட்டால் அது தளர்ந்தே உட்காரும். ஆயில் அழுத்தம் குறையும், சில ஆயிரம் கிலோமீட்டரில் பழைய கதைதான்.

இதற்கு வைத்தியம் ‘லைன் போர்’: கேஸின் இரு பாதிகளையும் சேர்த்து முறுக்கி, பேரிங் துளைகளை ஒரே நேர்கோட்டில் அடுத்த பெரிய அளவுக்குக் கடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பேரிங் போடுவது. முதல் கடைசலில் கேஸ் மறுபிறவி எடுக்கிறது. இரண்டாவதிலும் பிழைத்துக்கொள்ளும். அதற்கு மேல் கடைந்த கேஸை நம்பிப் பணம் போடுவது வீண். ஆகவே ரீகண்டிஷன் இன்ஜின் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, “பிஸ்டன் என்ன சைஸ்?” அல்ல, “கேஸ் இதுவரை எத்தனை முறை கடைந்தது, இப்போது என்ன பேரிங் சைஸில் நிற்கிறது?” என்பதே. பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போகலாம்.

கேஸில் வேறு மூன்று இடங்களையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மூன்றாம் சிலிண்டருக்குப் பின்புறம் மயிரிழை விரிசல் விழுவது இந்த இன்ஜினுக்கு ஊரறிந்த நோய். ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட்கள் மெக்னீசியத்தின் மரையைப் பிய்த்துக்கொண்டு வருவது இன்னொன்று. ‘கேஸ் சேவர்’ எனப்படும் எஃகு மரைகள் பொருத்தப்பட்டிருந்தால் நிம்மதி. மூன்றாவது, ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரிலீஃப் வால்வு. பழைய கேஸில் ஒன்று, 1970 மாடலிலிருந்து இரண்டு. இரண்டு வால்வு உள்ள கேஸ் கிடைக்கும்போது ஒரு வால்வு கேஸைத் தேர்ந்தெடுக்கக் காரணம் வண்டியின் வரலாற்று மதிப்பு ஒன்றுதான். வார்ப்பில் பதிந்திருக்கும் ஏ.எஸ்.41, ஏ.எஸ்.21 போன்ற எழுத்துகள் எந்தக் கலவை என்பதற்கு அடையாளம். பிரேசிலில் வார்க்கப்பட்ட புதுக் கேஸ்களும் சந்தையில் உண்டு, அலுமினியத்தில் செய்தவை உட்பட. அலுமினியம் கனமானது, உறுதியானது. தினசரி ஓட்டத்துக்கு அவ்வளவு உறுதி தேவையில்லை; பெரிய இன்ஜின் கட்டுபவருக்கு அது தேவைப்படும்.

இன்ஜின் எண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஜெனரேட்டர் நிற்கும் பீடத்துக்குக் கீழே கேஸில் பொறித்திருக்கும் எண்ணின் முன்னெழுத்து அதன் பிறப்பைச் சொல்லும்: டி என்றால் 1200, எஃப் என்றால் 1300, எச் என்றால் 1500, ஏ.டி. என்றால் ஒவ்வொரு ஹெட்டிலும் இரண்டு இன்டேக் துளை உள்ள ‘இரட்டைத் துளை’ 1600. கேஸ் பிறந்த கதையை மட்டும்தான் அது சொல்லும். ஐம்பது ஆண்டுகளில் உள்ளே என்ன மாறியது என்று அந்த எழுத்துக்குத் தெரியாது. எஃப் என்று பொறித்த கேஸுக்குள் 85.5 மி.மீ. பிஸ்டன் இருப்பது சர்வசாதாரணம்.

கேஸுக்கு அடுத்தபடி காற்று. ‘காற்றால் குளிரும் இன்ஜின்’ என்றதும் வண்டி ஓடும் வேகத்தில் அடிக்கும் காற்று என்று பலர் நினைக்கிறார்கள். பீட்டிலில் அப்படியில்லை. ஜெனரேட்டர் தண்டில் சுழலும் விசிறி மேலிருந்து காற்றை இழுத்து, தகடுகளால் கட்டிய வழியில் சிலிண்டர் துடுப்புகளுக்கு இடையே அழுத்தித் தள்ளுகிறது. சூடான காற்று கீழே போகிறது. மேலே குளிர்க்காற்று, கீழே வெப்பக்காற்று. இரண்டையும் பிரிப்பவை இன்ஜினைச் சுற்றியுள்ள தகடுகளும் ஓர ரப்பரும்தான். ஒரு தகடு காணாமல் போனாலோ, ரப்பர் பிய்ந்து தொங்கினாலோ, கீழே போன சூட்டையே விசிறி மறுபடி இழுக்கும். புது இன்ஜின் பொருத்திவிட்டு ‘அழகுக்காக’ இந்தத் தகடுகளைக் கழற்றிப்போடும் பட்டறைகள் உண்டு. அந்த அழகு ஹெட்டில் விரிசலாகத்தான் முடியும்.

பழைய பீட்டில்களில் ஆயில் கூலர் விசிறிக் கூண்டுக்குள்ளேயே நின்றது. மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றை அது மறித்து, சூடேற்றி அனுப்பியது. மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு உடைந்து பிஸ்டனைத் துளைத்த கதைகளுக்கு வேர் இங்கேதான். அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் தீப்பொறி சில டிகிரி தாமதமாக விழும்படி டிஸ்ட்ரிபியூட்டரைச் செய்து ஃபோக்ஸ்வேகன் காலம் தள்ளியது. 1971 மாடலில் கூலரைக் கூண்டுக்கு வெளியே, தனிப் பெட்டியில் நகர்த்தி வைத்தார்கள். விசிறியும் அகலமானது. ‘டாக்ஹவுஸ்’ என்று எல்லா நாட்டு மெக்கானிக்குகளும் சொல்வது இந்த அமைப்பைத்தான். எந்த ஆண்டு வண்டியாக இருந்தாலும் சரி, 1600 இன்ஜின் போடுபவர் கூடவே டாக்ஹவுஸ் கூண்டு, அகல விசிறி, வெளிக்கூலர் மூன்றையும் சேர்த்தே வாங்க வேண்டும். கேஸில் கூலர் அமரும் ஆயில் துளை பழையதில் 8 மி.மீ., புதியதில் 10 மி.மீ. பொருந்தாத சீல் போட்டால் ஆயில் மொத்தமும் சாலைக்குப் போய்விடும்.

முந்தைய இன்ஜின் பேரிங் உருகி நின்றிருந்தால் அதன் கூலரைத் திருப்பிப் பயன்படுத்தவே கூடாது. உலோகத் துகள் அதன் மடிப்புகளில் ஒளிந்திருக்கும். எவ்வளவு கழுவினாலும் முழுவதும் வராது. புது இன்ஜினின் புது பேரிங்கில்தான் போய்ச் சேரும். இந்த ஒரு பொருளில் மிச்சம் பிடித்து முழு இன்ஜினை இழந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

இனி சி.சி. தொழிற்சாலை வரிசை 1131-இல் தொடங்கி 1192, 1285, 1493 வழியாக 1584-இல் முடிகிறது. 1960-களின் 1200, நிமிடத்துக்கு 3,600 சுற்றில் 34 குதிரைத்திறன் தந்தது. 1970-களின் இரட்டைத் துளை 1600 நிமிடத்துக்கு 4,000 சுற்றில் 50 தந்தது. 800 கிலோவை ஒட்டிய வண்டிக்கு இந்த 50 போதும். 1961-க்குப் பிந்தைய, அலுவலகத்துக்கும் வாரக்கடைசிப் பயணத்துக்கும் ஓடும் பீட்டிலுக்கு இந்தப் புத்தகத்தின் சிபாரிசு ஒன்றே: இரட்டைத் துளை 1600, டாக்ஹவுஸ், 34 பிக்ட்-3 கார்பரேட்டர், வேக்குவம் அட்வான்ஸ் உள்ள டிஸ்ட்ரிபியூட்டர். கடைசிப் பொருளில் பலர் வழுக்குகிறார்கள். போஷ் 009 என்ற டிஸ்ட்ரிபியூட்டர் மலிவாகக் கிடைக்கிறது, பார்க்க எளிமையாகவும் இருக்கிறது. ஆனால் அதில் வேக்குவம் இல்லை. 34 பிக்ட் கார்பரேட்டரோடு சேர்ந்தால் ஆக்ஸிலரேட்டரை மிதித்த கணத்தில் வண்டி ஒரு நொடி மூச்சடைத்து நிற்கும். கார்பரேட்டரைத்தான் எல்லோரும் திட்டுவார்கள்.

1641 என்பது தொழிற்சாலை 1600-இன் அதே 69 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 87 மி.மீ. பிஸ்டன். கேஸைக் கடையாமலே உள்ளே நுழையும் என்பதால் மலிவு. அதற்கு விலை, சிலிண்டர் சுவர் மெலிந்துவிடுவது. மெல்லிய சுவர் சூட்டில் வட்டம் தப்பும். ரிங் சரியாகப் பிடிக்காது. 57 சி.சி. கூடுதலுக்காக இதை ஏற்பது லாபமில்லாத பேரம். 88 மி.மீ. இன்னும் மோசம்.

கூடுதல் வேகம் வேண்டியே தீரும் என்பவர் 90.5 மி.மீ. பிஸ்டன் போட்ட 1776-க்குப் போகலாம். கேஸையும் ஹெட்டையும் கடைந்துதான் பொருத்த வேண்டும். ஆனால் சுவர் தடிமனாக நிற்கும், நீண்டநாள் உழைக்கும். 1835-இன் 92 மி.மீ. சிலிண்டர் அதே கேஸ் துளையில் அமர்வதால் அங்கே மறுபடி சுவர் மெலிகிறது. 94 மி.மீ.க்குக் கேஸை இன்னும் அகலமாகக் கடைய வேண்டும். ஸ்ட்ரோக்கையும் 82 மி.மீ. ஆக்கினால் 90.5-இல் 2110, 94-இல் 2276 கிடைக்கும். இவற்றுக்கு எதிரெடை கொண்ட கிராங்க், இரட்டை கார்பரேட்டர், முழு ஆயிலையும் வடிகட்டும் ஃபில்ட்டர் எல்லாம் சேர்ந்தே வர வேண்டும். தொழிற்சாலை இன்ஜினில் 2.5 லிட்டர் ஆயிலும் ஒரு கம்பி வலையும்தான். உண்மையான ஃபில்ட்டரே இல்லை. எந்த அளவு இன்ஜினாக இருந்தாலும் கேஸ் பிரிந்து கிடக்கும்போதே ஃபில்ட்டருக்கான துளையைப் போட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

பெரிய இன்ஜினின் விலை இன்ஜினோடு முடிவதில்லை. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள வண்டி 34 குதிரைக்காக வடிவமைக்கப்பட்டது. கார்மன் கியாவின் முன் டிஸ்க் பிரேக் பீட்டிலுக்குப் பொருந்தும். அந்தச் செலவை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். சிறிய கிராங்க் புல்லி போட்டால் இழுவை கூடும் என்று விற்பார்கள். அது விசிறியின் வேகத்தைக் குறைத்துத்தான் அந்த இழுவையைத் தருகிறது. கம்ப்ரெஷன் விகிதத்தையும் கேட்க வேண்டும். தொழிற்சாலை 1600-இல் 7.5. இதை 9, 10 என்று ஏற்றி, சாதாரண பெட்ரோலில் கோடைக் காலத்தில் ஓட்டினால் இன்ஜின் தட்டத் தொடங்கும். காற்றால் குளிரும் ஹெட் அதை அதிகநாள் தாங்காது.

1960-க்கு முந்தைய வண்டிகளுக்கு நியாயம் வேறு. முப்பது குதிரை இன்ஜினில் ஜெனரேட்டர் பீடம் கேஸோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும். பின்னால் இரட்டைக் கண்ணாடி கொண்ட பீட்டில்களின் உற்பத்தி 1953 மார்ச்சோடு நின்றது. அந்த மாதிரி வண்டியில் பிறந்த இன்ஜின் இன்னும் இருந்தால், வண்டியின் மதிப்பில் பெரும் பங்கு அந்த எண்ணில் இருக்கிறது. எவ்வளவு செலவானாலும் அதையே செய்து போடுவதுதான் சரி. ஓட்டிப் பார்க்க ஆசைப்படுபவர்கள் அசல் இன்ஜினைக் காயாமல் ஆயில் போட்டுப் பத்திரமாக வைத்துவிட்டு, வண்டியில் 1600 ஏற்றிக்கொள்கிறார்கள். அப்படிச் செய்யும்போது ஃபிளைவீலைக் கவனிக்க வேண்டும். 6 வோல்ட் ஃபிளைவீலில் 109 பல், 180 மி.மீ. கிளட்ச், 12 வோல்ட்டில் 130 பல், 200 மி.மீ. கிளட்ச். பெரிய ஃபிளைவீல் பழைய கியர்பாக்ஸின் மணிவடிவக் கூட்டில் உரசும். உள்ளே தேய்த்து இடம் கொடுக்க வேண்டும். ஸ்டார்ட்டரும் அதன் புஷ்ஷும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். சேகரிப்பு மதிப்புள்ள வண்டியில் அசல் கியர்பாக்ஸைத் தேய்ப்பதைவிட, வேறொரு கியர்பாக்ஸையே போட்டுக்கொள்வது மேல்.

டைப் 4 இன்ஜின் மேல் ஒரு கூட்டத்துக்குத் தனி மோகம். ஃபோக்ஸ்வேகன் 411-க்காகப் பிறந்து, பேருந்து வடிவ டிரான்ஸ்போர்ட்டரிலும் போர்ஷே 914-இலும் ஓடியது. அலுமினியக் கேஸ், 1.7 முதல் 2 லிட்டர் வரை. நீடித்து உழைப்பதில் பீட்டில் இன்ஜினை மிஞ்சும். ஆனால் அதன் விசிறி இன்ஜினின் ஓரத்தில் தட்டையாக அமைந்தது. பீட்டிலுக்குள் வைக்கக் குளிரூட்டும் அமைப்பை நிமிர்த்திக் கட்ட வேண்டும். உதிரிப்பாகங்களின் விலையும் கூடுதல். டிரான்ஸ்போர்ட்டர் வைத்திருப்பவருக்கு அது சரியான இன்ஜின். பீட்டில்காரருக்கு அது ஒரு பொழுதுபோக்கு.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் செவ்ரோலே கோர்வேரின் ஆறு சிலிண்டர் இன்ஜினையும் பீட்டிலுக்குள் திணித்தார்கள். அது எதிர்த்திசையில் சுழலும். கியர்பாக்ஸின் ரிங் கியரைத் திருப்பிப் போடாவிட்டால் வண்டிக்கு நான்கு ரிவர்ஸும் ஒரு முன்கியரும்தான்! இன்று அந்த இடத்தை சுபாரு இன்ஜின் பிடித்திருக்கிறது. ரேடியேட்டர், தண்ணீர்க் குழாய் எல்லாம் கூடவே வரும். மின்சாரத்துக்கும் மாறலாம். 2019-இல் ஃபோக்ஸ்வேகனும் ஈகிளாசிக்ஸ் நிறுவனமும் இ-அப் காரின் பாகங்களைக் கொண்டு ஒரு பீட்டிலை மாற்றிக் காட்டின: 60 கிலோவாட் மோட்டார், 36.8 கிலோவாட் மணி பேட்டரி, சுமார் 200 கி.மீ. ஓட்டம். எடை 1,280 கிலோ. அடிச்சட்டம், பிரேக் எல்லாவற்றையும் அதற்காக வலுப்படுத்த வேண்டியிருந்தது.

காகித வேலையைப் பணம் கொடுக்கும் முன்பே விசாரிக்க வேண்டும். ஜெர்மனியில் 30 வயது கடந்த வண்டிக்குக் கிடைக்கும் எச் நம்பர் பிளேட், அந்தக் காலத்திலேயே வழக்கத்தில் இருந்த மாற்றங்களைத்தான் ஏற்கும். கலிபோர்னியாவில் 1975 வரையிலான மாடல்களுக்குப் புகைச் சோதனை இல்லை. ஓராண்டு தள்ளிப் பிறந்த வண்டிக்கு உண்டு. ஒரே இன்ஜின் ஒரு வண்டியில் சட்டப்படியும் இன்னொன்றில் சட்டத்துக்குப் புறம்பாகவும் இருக்கலாம்.

‘புத்தம் புதுசு’ என்ற சொல்லை யாரும் நம்ப வேண்டாம். கடைசி பீட்டில் 2003 ஜூலை 30 அன்று மெக்ஸிகோவின் புவெப்லாவில் இறங்கியது. பிரேசிலின் கோம்பி வேனும் 2005 இறுதியோடு காற்று இன்ஜினைக் கைவிட்டது. இப்போது விற்பவை எல்லாம் புதுப் பாகங்களைக் கோத்தவை அல்லது பழையதைப் பிரித்துச் செய்தவை. ‘லாங் பிளாக்’ என்றால் கேஸ், கிராங்க், பிஸ்டன், ஹெட் வரை கோத்தது. விசிறிக் கூண்டு, கார்பரேட்டர், சைலன்சர் சேராது. ‘ஷார்ட் பிளாக்’கில் ஹெட்டும் இருக்காது. எதை விலை பேசுகிறோம் என்பதைப் பில்லில் எழுதி வாங்க வேண்டும்: கேஸ் அளவு, பேரிங் அளவு, ஹெட் புதிதா பழையதா, வாரண்டிக்கு என்ன நிபந்தனை. பழைய ஹெட் என்றால் ஸ்பார்க் பிளக் துளைக்கும் வால்வு இருக்கைக்கும் நடுவே விரிசல் இருக்கிறதா என்று பார்க்காமல் எடுக்கக் கூடாது.

பொருத்தும் நாளில் பெட்ரோல் குழாய்களையும் புதிதாக மாற்றிவிட வேண்டும். இற்றுப்போன ரப்பரிலிருந்து கசியும் பெட்ரோல் சூடான இன்ஜின் மேல் விழுந்து எரிந்துபோன பீட்டில்கள் ஏராளம். மெக்னீசியக் கேஸ் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றுவது தீயை வளர்க்கும். பெட்ரோல் ஃபில்ட்டரை இன்ஜின் அறைக்கு வெளியே வைப்பது நல்ல வழக்கம்.

ஃபிளைவீல் நட்டுக்கு 343 நியூட்டன் மீட்டர் முறுக்கு, 36 மி.மீ. சாக்கெட்டும் நீண்ட கம்பியும் இல்லாமல் இதை ஊகத்தில் இறுக்கக் கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரில் சுழற்ற வேண்டும். புது கேம் ஷாஃப்ட்டும் டேப்பட்டும் போட்டிருந்தால், முதல் ஸ்டார்ட்டில் ஐடிலுக்கு விடாமல் சுமார் 2,000 சுற்றில் 20 நிமிடம் ஓடட்டும். பிறகு சூடாக இருக்கும்போதே ஆயிலை வடித்து, அதில் மினுமினுப்பு தெரிகிறதா என்று வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டுப் புது ஆயில் ஊற்ற வேண்டும். ஐந்நூறு கிலோமீட்டரில் இன்ஜினை இரவு முழுவதும் ஆறவிட்டு, வால்வு இடைவெளியை மறுபடி 0.15-க்குக் கொண்டுவர வேண்டும்.